கூட நின்றவர்கள் திரும்பியபோது: ஜெர்மானியக் காட்டிலும் கண்டி மலையிலும் பேரரசின் எல்லை

கேள்வி

சீதாவாக்கையிலிருந்து மலைக்கு ஏறும் பழைய வழி கித்துல்கல வரை களனி கங்கையின் கரையோடு போகிறது. பொல்பிட்டியவை அண்டி கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்து களனியாகின்றன. அதற்கு மேலே கினிகத்தேனைக் கணவாய். கணவாயைத் தாண்டினால் அட்டன். தாழ்நிலம் முடிந்து மலை தொடங்கும் இந்த விளிம்பு, ஏறத்தாழ இருநூற்றிருபது ஆண்டுகள், கடற்கரையை ஆண்ட ஐரோப்பியருக்கும் கண்டி இராச்சியத்துக்கும் இடையே கிடந்த எல்லைப் பிரதேசத்தின் ஒரு துண்டு. எல்லை ஒரே கோட்டில் நிற்கவில்லை. சில காலம் சீதாவாக்கைக்குக் கீழே இறங்கியது, சில காலம் மலையடிவாரம் வரை பின்வாங்கியது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் ஆகிய மூவரும் அதைக் கடந்து கண்டி நகருக்குள் புகுந்தார்கள். 1815 வரை எவராலும் அங்கே தங்க முடியவில்லை.

படை புகுந்தும் ஆட்சி நிலைக்காத எல்லைக்கு உலக வரலாற்றில் பெரிதும் எழுதப்பட்ட உதாரணம் ரோமின் ஜெர்மானிய எல்லை. கி.மு. 12 முதல் கி.மு. 9 வரை ரோமத் தளபதி துரூசஸ் ரைன் ஆற்றைக் கடந்து எல்பெ ஆறு வரை படை நடத்தினார். கி.பி. 9இல் ட்யூட்டோபர்க் காட்டில் வாருஸின் கீழிருந்த பதினேழாம், பதினெட்டாம், பத்தொன்பதாம் லீஜியன்கள் அழிக்கப்பட்டன. கி.பி. 14 முதல் 16 வரை ஜெர்மானிக்கஸ் திரும்பிச் சென்று பழி தீர்த்தார். அதன்பின் பேரரசர் திபேரியஸ் அவரைத் திரும்ப அழைத்தார். எல்லை ரைனிலேயே நின்றது. கண்டியின் கதை முதல் பாதியில் இதை ஒத்திருக்கிறது, பிற்பாதியில் வேறு வழியில் போகிறது. ரோம் ரைனில் நின்றுவிட்டபோது பிரித்தானியா மலையுச்சி வரை ஏறி அங்கேயே தங்கியது ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

காடு காத்தது என்ற விளக்கம்

இரண்டு எல்லைகளுக்கும் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்றே: நிலம். ஜெர்மானியாவின் இருண்ட காடுகளையும் சதுப்புகளையும் பற்றி ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியது பிற்கால வரலாற்று எழுத்து முழுவதிலும் படிந்தது. கண்டியைப் பொறுத்தவரை, 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் தமது 1681ஆம் ஆண்டு நூலில் கொடுத்த சித்திரம் அதே இடத்தைப் பிடித்தது. ஒருவர் பின் ஒருவராக மட்டுமே நடக்கக்கூடிய ஒற்றையடிப் பாதைகள், வழிகளை அடைக்கும் முட்கடவைகள், அவற்றில் நிற்கும் காவலர், போகிறவர் வருகிறவரைச் சோதிக்கும் முறை ஆகியவை அதில் விரிவாக உண்டு. பாதைகளை அகலப்படுத்தாமல் வைத்திருப்பது அரசனின் வேண்டுமென்ற கொள்கை என்பதையும் நொக்ஸ் உணர்ந்திருந்தார். இதோடு மலைக்காய்ச்சலையும் பருவமழையையும் சேர்த்துக்கொண்டால் விளக்கம் முழுமையானது போலத் தோன்றும்.

ரோம எல்லை குறித்த நவீன ஆய்வு இந்த நில விளக்கத்தைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டது. 1976இல் எட்வர்ட் லுட்வாக், ரோமின் எல்லைகளைத் திட்டமிட்ட பாதுகாப்பு ஒழுங்காக விளக்கினார். பெஞ்சமின் ஐசக்கும் சி. ஆர். விட்டேக்கரும் 1990களில் அதை மறுத்தார்கள். எல்லை ஒரு தடுப்புச் சுவர் அன்று, பண்டமும் ஆளும் கொடுக்கல் வாங்கலும் புழங்கிய அகன்ற மண்டலம் என்பது விட்டேக்கரின் வாதத்தின் சாரம். கண்டி பற்றிய எழுத்தில் கொல்வின் ஆர். த சில்வா பிரித்தானிய ஆக்கிரமிப்பின் அரசியலையும், லோர்னா தேவராஜா நாயக்கர் காலத்து அரசவையின் உட்பிளவுகளையும் ஆழமாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆயினும் பொது வாசகர் மனத்தில் மலையும் காடும் காய்ச்சலும்தான் இன்னும் கண்டியைக் காத்த மூன்று காவலர்களாக நிற்கின்றன.

நில விளக்கத்தின் குறை எளிதில் தெரியக்கூடியது. 1803இல் பிரித்தானியப் படையை விழுங்கிய அதே மலை, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே பிரித்தானியருக்கு ஏறத்தாழ எதிர்ப்பே இல்லாமல் திறந்துகொண்டது. அதற்குள் காடு குறையவில்லை, பாதை அகலமாகவில்லை, காய்ச்சலுக்குப் புதிய மருந்தும் வரவில்லை. 1804இல் கப்டன் ஆர்தர் ஜோன்ஸ்டன் மட்டக்களப்பிலிருந்து ஒரு சிறு படையோடு புறப்பட்டுக் கண்டியை அடைந்தார். பிற படைப்பிரிவுகள் எதுவும் அங்கே வந்து சேராததால் போராடியபடியே திருகோணமலைக்குத் திரும்பினார். 1803 பேரழிவுக்கு அடுத்த ஆண்டிலேயே ஒரு சிறு படை கண்டி வரை போய்த் திரும்ப முடிந்தது என்றால் மலை கடக்க முடியாததாக இருந்திருக்க முடியாது. உள்ளே போவது எப்போதும் முடிந்த காரியம். சிக்கல் தங்குவதில்தான் இருந்தது.

கூட நின்றவர்கள்

எனது வாதம் இது: இரண்டு எல்லைகளிலும் பேரரசின் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தவர்கள் இடைத் தலைவர்கள். பேரரசின் மொழியையும் போர்முறையையும் அறிந்து, அதன் படையிலோ நிர்வாகத்திலோ பதவி வகித்து, தம் மக்களிடத்திலும் செல்வாக்கு இழக்காதவர்கள் அவர்கள். பேரரசு அவர்கள் வழியாகவே உள்ளே போனது. அவர்கள் திரும்பியபோது அழிந்தது.

ஆர்மினியஸ் இதன் தூய வடிவம். செருஸ்கி குலத்தின் தலைவர் ஒருவரின் மகன். ரோமின் துணைப்படையில் பணியாற்றியவர். ரோமக் குடியுரிமையும் குதிரைவீரர் என்ற சமூகத் தகுதியும் பெற்றவர். வாருஸின் நம்பிக்கைக்குரியவராக அவருடைய பந்தியில் அமர்ந்தவரும் அவரே. லீஜியன்களைக் காட்டுக்குள் இழுத்துச் சென்றது காட்டின் வலிமையன்று, வழிகாட்டி வந்தவர்கள் மேல் வாருஸ் வைத்திருந்த நம்பிக்கை. ஆர்மினியஸின் மாமனார் செகெஸ்டெஸ் சதியைப் பற்றி முன்கூட்டியே எச்சரித்தும் வாருஸ் அதைப் பொருட்படுத்தவில்லை என்கிறார்கள் பண்டைய ஆசிரியர்கள்.

கண்டி வரலாற்றை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒப்புமை திகைக்க வைக்கிறது. போர்த்துக்கேயரால் தொன் ஜுவாவோ என்று ஞானஸ்நானம் பெற்று, அவர்களுடைய படையில் பயின்ற கொனப்பு பண்டார, அவர்களுடைய துணையோடு கண்டிக்குப் போய் அங்கே தாமே அரியணையைக் கைப்பற்றினார். அவரை அகற்ற 1594இல் பெத்ரோ லோபஸ் த சூசா நடத்திய படை தந்துறையில் அழிந்தது. கொனப்பு பண்டார விமலதர்மசூரியன் என்ற பெயரில் கண்டியின் புதிய அரச மரபைத் தொடங்கினார். போர்த்துக்கேயரின் போர்முறையைப் போர்த்துக்கேயரிடமே கற்றவர் அவர். ஆர்மினியஸ் ரோமிடம் கற்றதைப் போலவே.

1630இல் ரந்தெனிவெலவில் நடந்தது இதைவிட வெளிப்படையானது. தளபதி கொன்ஸ்தந்தீனோ த சா ஊவாவுக்குள் நடத்திய படையில் பெரும்பகுதி உள்நாட்டு லஸ்கரின் வீரர்கள். அவர்களுடைய முதலியார்கள் கண்டி அரசனோடு முன்பே பேசி முடித்திருந்தார்கள். திரும்பும் வழியில் லஸ்கரின்கள் பக்கம் மாறினார்கள். த சா களத்தில் மாண்டார். எட்டு ஆண்டுகள் கழித்து 1638 மார்ச்சில் தியோகோ த மெலோ கண்டி நகரை எரித்துவிட்டுத் திரும்பும்போது கன்னொறுவையில் படையோடு அழிந்தார். 1765இல் ஒல்லாந்த ஆளுநர் வான் எக் கண்டி நகரைப் பிடித்தார். அவருடைய படையும் சில மாதங்களில் வெளியேற நேர்ந்தது. ஆனால் 1766 ஒப்பந்தத்தின் மூலம் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தர் தமதாக்கிக்கொண்டார்கள். உப்பும் துறைமுகமும் இல்லாத நாடாகக் கண்டி சுருங்கியது. இந்த ஒப்பந்தத்தின் விளைவு அரை நூற்றாண்டு கழித்தே முழுமையாகத் தெரிந்தது. கீழே அதற்குத் திரும்புவேன்.

1803க்கு வருவோம். ஆளுநர் பிரெடெரிக் நோர்த்தின் படை பெப்ரவரியில் வெறிச்சோடிய கண்டிக்குள் நுழைந்தது. அரச குடும்பத்தைச் சேர்ந்த முத்துசாமியை அரியணையில் அமர்த்தி, ஒரு காவற்படையை மேஜர் டேவியின் கீழ் விட்டுவிட்டுப் பெரும்படை கீழே இறங்கியது. முத்துசாமியைத் தேடி ஒரு தலைவரும் வரவில்லை. இந்த இடத்தில் ரோமின் அனுபவம் விளக்கம் தருகிறது. பேரரசு தானே செய்து அமர்த்தும் அரசனுக்கு இடைத் தலைவர்களின் ஒப்புதல் இல்லையென்றால் அவனுடைய அரியணைக்கு அடியில் தரை இருப்பதில்லை. காய்ச்சலில் காவற்படை உருக்குலைந்தது. மலாய் வீரர்களில் ஒரு பகுதியினர் கண்டிப் பக்கம் போனார்கள். ஜூன் 24 அன்று டேவி சரணடைந்தார். முத்துசாமி கொல்லப்பட்டார், சரணடைந்த பிரித்தானியச் சிப்பாய்களில் பெரும்பாலோரும் கொல்லப்பட்டார்கள். மலாய்ப் படையின் கப்டன் நூறுதீன் கண்டி அரசனுக்குப் பணிய மறுத்து உயிரிழந்தார். அவருடைய சகோதரரோ கண்டி அரசனின் சேவையில் மலாய் வீரர்களுக்குத் தலைமை தாங்கியவர். ஆர்மினியஸின் தம்பி பிளாவுஸ் கடைசி வரை ரோமின் படையில் நின்றதும், வெசர் ஆற்றின் இரு கரைகளில் நின்று அண்ணனும் தம்பியும் வாக்குவாதம் செய்ததாக டாசிட்டஸ் எழுதியிருப்பதும் நினைவுக்கு வருகின்றன. எல்லைப்புறத்தில் பேரரசு குடும்பங்களின் நடுவே புகுந்து பிரிக்கிறது. அந்தப் பிளவின் விலையைக் கொடுத்தவர்களைத் துரோகி, வீரர் என்று எளிதாகப் பிரித்து எழுதும் பழக்கம் வரலாற்றுக்கு உதவாது.

1815: திறந்த கதவு

1815 ஜனவரியில், சீதாவாக்கைப் பக்கத்தில் கண்டிப் படையினர் எல்லை மீறினார்கள் என்பதைக் காரணமாகக் காட்டி ஆளுநர் ரொபர்ட் பிரவுன்றிக் போர் அறிவித்தார். பல திசைகளிலிருந்து படைப்பிரிவுகள் ஏறின. பெப்ரவரி நடுவில் கண்டி வீழ்ந்தது. 18ஆம் திகதி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மெதமஹாநுவர அருகே பிடிபட்டார். இதைப் போர் என்று அழைப்பதே கடினம். முதலாம் அதிகாரமாக (தலைமை அமைச்சராக) இருந்த எகலப்பொல 1814இல் அரசனுக்கு எதிராகக் கிளர்ந்து, தோற்று, கொழும்புக்குத் தப்பியிருந்தார். அவருடைய குடும்பத்துக்கு நேர்ந்த கொடிய முடிவு தலைவர்களிடையே அரசன் மீதான வெறுப்பை முற்றவைத்தது. பிரித்தானிய அலுவலர் ஜோன் டொயிலி பல ஆண்டுகளாகச் சிங்களத்தைக் கற்று, தலைவர்களோடும் பிக்குகளோடும் ஒற்றர்களோடும் வளர்த்திருந்த தொடர்புகள் இப்போது பலன் தந்தன. இடைத் தலைவர்கள் இந்த முறை பேரரசின் பக்கம் திரும்பினார்கள். மலை திறந்தது.

மார்ச் 2ஆம் திகதி உடன்படிக்கை இந்த உண்மையின் எழுத்து வடிவம். நான்காம் பிரிவு அதிகாரங்கள், திசாவைகள் (மாகாணத் தலைவர்கள்) முதலியோரின் உரிமைகளுக்கு உறுதியளித்தது. ஐந்தாம் பிரிவு பௌத்தத்தைப் பாதுகாப்பதாக வாக்களித்தது. தமிழ் வாசகர்கள் அதிகம் கவனிக்க வேண்டியவை இரண்டாம், மூன்றாம் பிரிவுகள். கண்டி மீது 'மலபார்' இனத்தாருக்கு இருந்த ஆட்சியுரிமை முழுவதையும் இரண்டாம் பிரிவு ஒழித்தது. மூன்றாம் பிரிவு அரசனின் ஆண் உறவினர்களைப் பகைவர்களாக்கித் தடைசெய்தது. 1739 முதல் அரியணையில் இருந்த நாயக்கர் வம்சம் தென்னிந்தியாவிலிருந்து வந்தது என்பதே அவர்களை அந்நியராக்கப் போதுமான காரணமாக எழுதப்பட்டது. அரசன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கே இறந்தார். ஆனால் இந்த அந்நியத்தன்மை தலைவர்கள் உண்மையிலேயே நம்பிய ஒன்றா, அல்லது அந்த ஆண்டின் அரசியலுக்குத் தேவைப்பட்ட மொழியா? இரண்டரை ஆண்டுகள் கழித்துச் சிங்களத் தலைவர்களும் மக்களும் கிளர்ந்தெழுந்தபோது அவர்கள் முன்னிறுத்திய உரிமைகோருபவர் துரைசாமி என்ற நாயக்க இளவரசராகவே தம்மை அறிவித்துக்கொண்டார். இதன்பின்னும் இப்பிரிவுகளைக் கண்டி மக்களின் குரலாகப் படிக்க என்னால் முடியவில்லை.

இரண்டாவது ஆர்மினியஸ்

1817 அக்டோபரில் ஊவாவில் எழுந்த கிளர்ச்சி வாருஸின் தவறு மறுபடியும் நடந்ததைக் காட்டுகிறது. வெல்லப்பட்ட நாடு என்று உறுதியாகாத ஒரு நிலத்தை அடங்கிய மாகாணமாகவே நடத்தி, அங்கே நீதிமன்றமும் வரியும் கொண்டுவந்தார் வாருஸ் என்பது வெல்லெயுஸ், காசியுஸ் தியோ இருவரும் சொல்லும் குற்றச்சாட்டு. தொல்லியல் இதற்கு இன்னொரு முகத்தைக் காட்டியிருக்கிறது. ரைனுக்குக் கிழக்கே லான் பள்ளத்தாக்கில் வால்ட்கிர்மெஸ் என்ற இடத்தில் 1990களில் தொடங்கிய அகழாய்வு, ஒரு பொதுச் சதுக்கத்தோடு கட்டப்பட்ட ரோமச் சிறுநகரையும், பொன்பூசிய குதிரைவீரர் சிலையின் துண்டுகளையும் வெளிக்கொணர்ந்தது. ரோம் அங்கே நிரந்தரமாக வாழவே தயாராகிக்கொண்டிருந்தது. கண்டியிலும் தலைவர்களுக்கு உரிமை உறுதியளித்த அதே பிரித்தானியர் நடைமுறையில் அவர்களுடைய மதிப்பையும் வருவாயையும் அரித்தார்கள்.

பதுளையில் உதவிப் பிரதிநிதியாக இருந்த வில்சன் கிளர்ச்சியின் தொடக்கத்திலேயே கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்டவர் ஊவாவின் திசாவை கெப்பெட்டிபொல. அவர் களத்துக்குப் போய்க் கிளர்ச்சியாளரோடு சேர்ந்து அதன் தலைவரானார். அரசு கொடுத்த துப்பாக்கிகளை அரசுக்கே திருப்பியனுப்பிவிட்டுப் பக்கம் மாறினார் என்று மரபு சொல்கிறது. பேரரசு தன் பதவியையும் படையையும் நம்பி ஒப்படைத்த ஒருவர் அதே அதிகாரத்தோடு மறுபக்கம் போவது ட்யூட்டோபர்க்கில் நடந்தது, ரந்தெனிவெலவில் நடந்தது, இங்கே மூன்றாம் முறை.

இதுவரை ஒரே கதை. பிரிவு இங்கேதான் தொடங்குகிறது. ஜெர்மானிக்கஸ் ஊர்களை எரித்தார், ஆர்மினியஸின் கர்ப்பிணி மனைவியைச் சிறைப்பிடித்தார், இழந்த கழுகுக் கொடிகளில் இரண்டை மீட்டார். திபேரியஸ் அதோடு நிறுத்தினார். குலங்களை அவற்றின் உட்பகையிடமே விட்டுவிடலாம் என்பது அவர் கணக்கு, கணக்குப் பிழைக்கவில்லை. மார்கோமன்னி அரசன் மரோபோடுவஸோடு ஆர்மினியஸ் போரிட்டார், கி.பி. 21ஐ ஒட்டித் தம் உறவினராலேயே கொல்லப்பட்டார். ரோம் அதன்பின் எல்லைக்கு வெளியே நட்பரசர்களைப் பேணிக் காலத்தை ஓட்டியது. இடைத் தலைவர்களை ஒழிக்காமல் தொலைவில் நிறுத்தி ஒருவருக்கெதிராக ஒருவரைப் பயன்படுத்துவது அந்தக் கொள்கை.

பிரவுன்றிக் எதிர்வழியைத் தேர்ந்தார். இந்தியாவிலிருந்து படை வரவழைத்து, ஊவாவிலும் அதை அடுத்த பகுதிகளிலும் வீடுகளையும் பயிர்களையும் தானியக் களஞ்சியங்களையும் அழித்தார். கெப்பெட்டிபொல 1818 நவம்பர் 26 அன்று தலை துண்டிக்கப்பட்டார். அதற்கு ஐந்து நாட்களுக்கு முன், நவம்பர் 21ஆம் திகதிப் பிரகடனம் 1815இன் நான்காம் பிரிவை நடைமுறையில் செல்லாததாக்கியது. தலைவர்களின் அதிகாரம் பிரித்தானிய அலுவலர்களின் கைக்கு மாறியது. நெல் விளைச்சலில் பத்திலொரு பங்கு வரியானது. இடைத் தலைவர்கள் சம்பளம் வாங்கும் அலுவலர்களாகச் சிறுத்தார்கள்.

மறுப்புகள்

ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்திய குலங்களையும் துப்பாக்கிக் காலத்து அரசையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். ஆயுத வேறுபாடு இங்கே பேரரசுக்குச் சாதகமான காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் கண்டியின் கொல்லர்கள் தரமான துப்பாக்கிகளைத் தாமே செய்தார்கள், 1803இல் சாதகம் அவர்கள் பக்கமே இருந்தது. வலுவான மறுப்பு வேறொன்று: ஜெர்மானியாவில் மையமே இல்லை, கண்டியில் அரியணையும் தலைநகரும் தந்ததாதுவும் இருந்தன; பிடிக்க ஒரு மையம் இருந்ததால்தான் பிடிக்க முடிந்தது. இதில் உண்மை உண்டு. எனினும் அந்த மையம் 1638இலும் 1765இலும் 1803இலும் பிடிபட்டும் நாடு பிடிபடவில்லை. மையம் பயன்பட்டது, அதைச் சுற்றி நின்ற தலைவர்கள் கைமாறிய ஆண்டில் மட்டும்.

நிலத்தை நான் முற்றாகத் தள்ளிவிடுகிறேன் என்ற குற்றச்சாட்டையும் ஏற்க மாட்டேன். காட்டைவிடக் கடல் பெரிய காரணி என்பதே எனது மதிப்பீடு. ஜெர்மானியாவுக்குப் பின்புறம் இருந்தது. ஒரு குலத்தை வென்றால் அப்பால் இன்னொரு குலம், எல்பெக்கு அப்பால் இன்னொரு வெளி. கண்டிக்கு 1766க்குப் பின் எந்தப் பக்கமும் கரையோரம் இல்லை. பின்வாங்க இடமில்லை, வெளியிலிருந்து துணை வர வழியில்லை, உப்புக்கே எதிரியின் கையை எதிர்பார்க்க வேண்டும். பிரித்தானியருக்கோ சென்னையிலிருந்து கப்பலில் படை வந்து சேர்ந்தது. பிரவுன்றிக்கின் எதிர்வழி சாத்தியமானது இதனால்தான். சாத்தியமான வழி நிலைத்தது ஏன் என்பதற்கு மட்டும் இது விடையாகாது.

வீதியும் தோட்டமும்

நிலைத்ததற்கு விடை 1820களில் இருக்கிறது. எட்வர்ட் பார்ன்ஸ் ஆளுநராக இருந்தபோது கொழும்பு கண்டி வீதி கடுகண்ணாவை வழியாக வெட்டப்பட்டது. கண்டி அரசர்கள் வேண்டுமென்றே மறுத்த அகன்ற பாதையை, அவர்களுடைய இராஜகாரிய முறையையே பயன்படுத்தி அம்மக்களின் கட்டாய உழைப்பால் பேரரசு போட்டுக்கொண்டது. படையை நகர்த்த இனித் தலைவர்களின் தயவு வேண்டியதில்லை. ஆனால் வீதிக்கும் காவலுக்கும் யார் செலவு செய்வது? ரைனுக்கு அப்பால் நிலம் தன்னைக் காக்கும் படையின் செலவைத் தரவில்லை. கண்டி மலை தந்தது, கோப்பி வந்த பிறகு. பார்ன்ஸே கோப்பி பயிரிட்டார்; அவருடைய தோட்டம் இருந்த இடம் கன்னொறுவை, 1638இல் போர்த்துக்கேயப் படை அழிந்த அதே இடம். 1832இல் இராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் உரிமைப் பத்திரமில்லாத காட்டையும் சேனை நிலத்தையும் அரசுடைமையாகக் கருதித் தோட்டக்காரர்களுக்கு விற்க வழி திறந்தது. கண்டியைக் காத்ததாகச் சொல்லப்பட்ட காடு வெட்டப்பட்டது சட்டத்தின் கையெழுத்தால்.

தோட்டம் இலாபத்துக்காக வந்தது, எல்லைக் கொள்கையாக அல்ல என்று சொல்லலாம். தோட்டத் துரைமாரின் நோக்கம் இலாபமே. ஆனால் நோக்கம் எதுவாயினும் விளைவு, இரண்டு நூற்றாண்டுகளின் எல்லைச் சிக்கலுக்குப் பேரரசுகள் தேடிய விடையாக அமைந்தது. மலையில் வருவாய் தரும் நிலம், அந்த நிலத்தைச் சுற்றியுள்ள கிராமத் தலைவர்களுக்குக் கட்டுப்படாத உழைப்பாளர், அவர்களை நடத்தப் புதிய இடைத் தலைவர். அந்த இடைத் தலைவர் கங்காணி. திசாவைக்குத் தன் மண்ணும் தன் மக்களும் உண்டு. கூப்பிட்டால் ஆயுதத்தோடு வருவார்கள். கங்காணிக்கு இருந்தது தென்னிந்தியக் கிராமத்திலிருந்து தான் கூட்டிவந்த ஆட்கள் மீதான பிடியும், தோட்டத்துரையிடம் வாங்கிய முற்பணமும். 1921 வரை நீடித்த துண்டு முறை அந்த ஆட்களைக் கடனால் கட்டியது. 1865இன் தொழிலாளர் சட்டம் வேலை ஒப்பந்த மீறலைத் தண்டனைக்குரிய குற்றமாக்கி அதே கட்டை இறுக்கியது. 1848இல் மாத்தளையில் எழுந்த கிளர்ச்சி இந்தப் புதிய ஒழுங்கின் முதல் பெரிய சோதனை. கொங்காலேகொட பண்டாவை அரசனாக முடிசூட்டியும், அவருக்குப் பின்னால் 1817ஐப் போலப் பெரிய தலைவர்கள் அணிதிரளவில்லை. வீதி வழியாக விரைவில் படை வந்தது. கிளர்ச்சி சில வாரங்களில் முடிந்தது.

1815 உடன்படிக்கையால் தமிழ் பேசிய ஓர் அரச குடும்பத்தை அந்நியர் என்று மலையிலிருந்து வெளியேற்றிய அதே அரசு, ஒரு தலைமுறைக்குள் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரை அதே மலைக்கு ஏற்றியது. பழைய இடைத் தலைவர்களிடமிருந்து விலகியிருப்பவர்கள் என்பது அவர்களை அழைத்து வந்தவர்களுக்கு ஒரு வசதியாக இருந்தது. இம்மலையக வரலாற்றைத் தேயிலையிலிருந்தோ கோப்பியிலிருந்தோ தொடங்குவது வழக்கம். 1815க்கும் 1818க்கும் இடையே, எல்லையை எப்படித் தங்கவைப்பது என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால், சுற்றியுள்ள கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் நடுவே விழுந்த பிளவு 1948இன் குடியுரிமைச் சட்டத்துக்கு நெடுங்காலம் முன்பே, வீதியும் காணிச் சட்டமும் வரைந்த கோட்டில் இருந்தது தெரியவரும்.